நூற்றிருபது சென்டிமீட்டரில் டத்தோ கிராமாட்

டத்தோ கிராமாட் சாலையில் தினமும் பஸ் ஏறும் மாணவர்களிடம், "இந்தச் சாலையில் தண்டவாளம் இருந்தது தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்புதான் பதிலாக வரும். ஆனால் இருந்தது. 1880களில் படகுத்துறைப் பக்கத்திலிருந்து நகரின் ஊடாக ஆயர் ஈத்தாம் நோக்கி நீராவி டிராம் புகை விட்டுக்கொண்டு ஓடியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நகருக்கு மின்சாரம் வந்த சூட்டோடு, மின்சார டிராம் வந்தது. 1925இல் தண்டவாளமே தேவைப்படாத, தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ் அறிமுகமானது. 1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலி பஸ்ஸும் நின்றது. பிறகு எல்லாவற்றின் மேலும் தார் விழுந்தது. பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில் சாலையைத் தோண்டியபோது பழைய தண்டவாளத்தின் ஒரு துண்டு வெளியே தெரிந்தது. மற்றபடி மண்ணுக்குள்தான்.

இந்த மண்ணுக்குள் போன பாதையையும், நம் வீட்டு மேல்மாடிப் பெட்டிகளிலும் லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையிலும் தூங்கும் பழைய பொம்மை ரயில்களையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். பினாங்கில் உள்ள ஒவ்வோர் இடைநிலைப்பள்ளி அறிவியல் கழகமும் ஒரு மாதிரி ரயில் பாதை கட்ட வேண்டும் என்பது என் கருத்து. அது சிறியதாக இருக்க வேண்டும். பழைய எஞ்சின்களைக் கொண்டு ஓட வேண்டும். நம் ஊரைக் காட்ட வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பொம்மைதான்.

முதலில் அளவைப் பார்ப்போம். மாதிரி ரயில் என்றதும் ஒரு பெரிய மேசை, அதில் வட்டப் பாதை, வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் ரயில், இதுதான் எல்லார் மனத்திலும் வருகிறது. இந்தக் கனவுதான் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. பழைய பிரிட்டிஷ் செட்டுகளின் மிகச் சிறிய வளைவுக்கே ஆரம் 37 சென்டிமீட்டர். முழு வட்டத்துக்கு முக்கால் மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அந்த மேசையை எங்கே வைப்பது? பள்ளி அறிவியல் கூடத்தில் வைத்தால் தேர்வுக் காலத்தில் யார் அதை நகர்த்துவது? மேசை பாதியில் நிற்கும். இரண்டு ஆண்டில் அதன் மேல் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். அப்படியே முடிந்துபோனாலும், வட்டத்தில் ஓடும் ரயிலை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? பத்து நிமிடம். ரயில் எங்கேயும் போவதில்லை என்பது பதினோராவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு நல்ல மாற்று ஒன்று இருக்கிறது. ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த இங்கிள்நூக் என்னும் அமைப்பு அது. இதில் வட்டமே இல்லை. எஞ்சின் நிற்கும் ஒரு தலைப்பாதை, இரண்டு பாயிண்டுகள், மூன்று கிளைகள், அவ்வளவுதான். ஒரு கிளையில் ஐந்து சரக்குப் பெட்டிகள் நிற்கும். மற்ற இரண்டிலும் மும்மூன்று நிற்கும். தலைப்பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் மட்டுமே கொள்ளும். மொத்தம் எட்டுப் பெட்டிகள். குலுக்கல் போட்டு அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குலுக்கலில் வந்த அதே வரிசையில் அந்த ஐந்தையும் நீண்ட கிளையில் சேர்த்து நிறுத்த வேண்டும். இழுப்பது, விடுவது, தள்ளுவது தவிர வேறு எதற்கும் இடமில்லை. கையால் தூக்கி வைத்தால் ஆட்டம் போச்சு.

எளிதாகத் தெரிகிறதா? எட்டில் ஐந்தை வரிசை மாறாமல் தேர்ந்தெடுக்க எத்தனை வழி என்று படிவம் 5 கூடுதல் கணிதம் படிப்பவர்கள் சொல்லுங்கள். 8 × 7 × 6 × 5 × 4 = 6,720. நாளுக்கு ஒரு வரிசை என்று விளையாடினாலும் பதினெட்டு ஆண்டுக்கு மேல் போகும். வரிசைமாற்றத்தைப் பாடநூலில் எழுத்துகளையும் பந்துகளையும் வைத்துத்தான் படிக்கிறோம். இங்கே அது பெட்டியாக உங்கள் முன் நிற்கும்; தவறான பெட்டி நடுவில் மாட்டிக்கொண்டால் அதை வெளியே எடுக்க எத்தனை நகர்வு என்று மூளை கணக்குப் போடும். இதைச் செய்யக் கணினி நிரல் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கையால் ஐம்பது தடவை விளையாடிவிட்டு எழுதினால் நிரலும் நன்றாக வரும் என்பது என் எண்ணம்.

இனி நீளம். பழைய நான்கு சக்கரச் சரக்குப் பெட்டி கொக்கியோடு சேர்த்து ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். சிறிய எஞ்சின் 12. ஒரு பாயிண்ட் ஏறக்குறைய 17. தலைப்பாதைக்கு 12 + 27 = 39. இரண்டு பாயிண்டுக்கு 34. ஐந்து பெட்டிக் கிளைக்கு 45. கூட்டினால் 118. ஆக, 120 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் ஒட்டுப்பலகை போதும். தூக்கிப்போட்ட அலமாரியின் கதவே சரியாக இருக்கும். இரண்டு மாணவர்கள் சேர்ந்து தூக்கலாம். தேர்வு வந்தால் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். இடம் இதற்கும் குறைவு என்றால் மூன்று, இரண்டு, இரண்டு என்று கிளைகளைச் சுருக்கி ஐந்து பெட்டிகளோடு விளையாடலாம். 60 வரிசைகள் கிடைக்கும்.

அளவு முடிந்தது. ஏன் பழைய சாமான்? இதில்தான் எனக்கும் சில ஆசிரியர்களுக்கும் வாக்குவாதம் வருகிறது. "இன்றைக்கு ரோபோட்டிக் கிட் இருக்கிறது, மைக்ரோபிட் இருக்கிறது. அறுபது வருடத்துப் பொம்மையை எதற்குத் தூசு தட்ட வேண்டும்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த கிட்டில் வரும் மோட்டாரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மூடிய டப்பா. கெட்டுப்போனால் வேறு வாங்கு என்பதுதான் அது கற்றுத்தரும் பாடம்.

1960 வாக்கில் பிரிட்டனில் டிரையாங் நிறுவனம் செய்த சிறிய எஞ்சின் ஒன்று உண்டு. பெயர் நெல்லி. (நம் ஊர் நெல்லிக்காய் அல்ல, அங்கே அது பெண்ணின் பெயர்.) நான்கே சக்கரம், துறைமுகத்தில் பெட்டி நகர்த்தும் வகை. அதன் மேல் உடலைக் கழற்றினால் மோட்டார் அப்படியே கண்ணுக்கு முன் நிற்கும். மூடி இல்லை, மறைப்பு இல்லை. நிலைக்காந்தம் இது, செப்புக் கம்பி சுற்றிய ஆர்மேச்சர் இது, மின்சாரத்தைத் திசைமாற்றிக் கொடுக்கும் கம்யூட்டேட்டர் இது, அதன் மேல் அழுத்திக்கொண்டு நிற்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள் இவை என்று விரலால் தொட்டுக் காட்டலாம். பாடநூலில் நேர்மின்னோட்ட மோட்டாரின் படம் ஒன்று இருக்கிறதல்லவா? அந்தப் படம் உயிரோடு சுழல்வதை இங்கே பார்க்கலாம். இரண்டு தண்டவாளங்களின் மின்முனைகளை மாற்றினால் எஞ்சின் பின்னால் போகும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். ஆர்மேச்சரில் மூன்றே முனைகள் இருப்பதால் மிக மெதுவாக ஓட்டும்போது அது திக்கித் திணறும். ஏன் திணறுகிறது என்று கேட்ட மாணவன் காந்தப்புலத்தை ஒரு நாளும் மறக்கமாட்டான்.

ஒரு நுணுக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். இந்த மோட்டாரின் காந்தம் ஆல்நிக்கோ என்ற உலோகக் கலவை. அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு ஆகியவற்றை இரும்போடு சேர்த்தது. ஆர்மேச்சரை வெளியே உருவிவிட்டால் காந்தப்புலம் சுற்றி வர இரும்பு வழி இல்லாமல் போய், காந்தம் வலுவிழந்துவிடும். திரும்பப் பொருத்தினால் எஞ்சின் சோம்பேறியாக ஓடும், அதிக மின்னோட்டம் இழுக்கும், சூடாகும். ஆகவே தேவையில்லாமல் உருவக்கூடாது. உருவத்தான் வேண்டும் என்றால் காந்தத்தின் இரு முனைகளையும் இணைக்க ஓர் இரும்புத் துண்டைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய நியோடிமியம் காந்தங்களோடு வளர்ந்த பிள்ளைகளுக்குக் காந்தமும் களைத்துப்போகும் என்பதே புதுச் செய்தி.

வேதியியலும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பினாங்கு கடல் சூழ்ந்த ஊர். காற்றில் எப்போதும் ஈரம். பழைய டிரையாங் தண்டவாளங்கள் பலவும் எஃகு. அவை துருப்பிடிக்கும். துரு மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சின் நின்று நின்று போகும். பித்தளைத் தண்டவாளம் துருப்பிடிக்காது, ஆனால் கருத்துவிடும். அந்த ஆக்சைடு படலமும் தடைதான். பிற்காலத்தில் நிக்கல் சில்வர் வந்தது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். மூன்று வகையிலும் ஒரு சாண் தண்டவாளம் எடுத்து, ஜன்னலோரம் வைத்து, வாரம் ஒரு முறை மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து எழுதி வாருங்கள். மூன்று மாதத்தில் உங்களிடம் இருப்பது நம் ஊர்க் காற்றைப் பற்றிய உண்மையான தரவு. அறிவியல் விழாவுக்கு வேறு தலைப்பு தேடவேண்டாம். தண்டவாளத்தைச் சுத்தம் செய்ய மணல்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு மீண்டும் அடையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பருத்தித் துணியும் போதும்.

இன்னொரு நோய் இருக்கிறது, அதற்கு மருந்தில்லை. போருக்கு முந்தைய பொம்மைகளில் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றிச் சக்கரமும் உடலும் செய்தார்கள். அந்தத் துத்தநாகத்தில் மிகச் சிறிய அளவு ஈயம் கலந்திருந்தால் போதும், பல ஆண்டு கழித்து உலோகப் படிகங்களின் எல்லைகளில் அரிப்பு தொடங்கும். பொருள் உப்பும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் போல உதிரும். சூடும் ஈரமும் இதை விரைவுபடுத்தும், அதாவது நம் ஊர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929இல் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு உருவாக்கிய ஸாமாக் கலவைகள் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தந்தன. சந்தையில் பழைய எஞ்சினை வாங்கும் முன் சக்கரத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்ப்பது இதனால்தான். இதே போல 1950களின் தொடக்கத்தில் செல்லுலோஸ் அசிட்டேட் பிளாஸ்டிக்கில் செய்த உடல்கள் வெப்பத்தில் வாழைப்பழம் போல வளைந்துபோயிருக்கும்; அவற்றை நிமிர்த்த முயல வேண்டாம்.

இப்படி அறுபது வயதான ஒரு பொருள், தான் எதனால் ஆனது, எதனால் அழிகிறது என்று இரண்டையுமே காட்டுகிறது. புதுப் பொருள் அந்தக் கதையின் முதல் பாதியை மட்டுமே சொல்லும்.

ஆனால் ஒரு பழைய பொருளை மட்டும் கண்டிப்பாக ஒதுக்க வேண்டும். அது செட்டோடு வரும் பழைய மின்மாற்றி. அதன் ரப்பர் உறை இறுகி நொறுங்கியிருக்கும்; உள்ளே வீட்டு மின்சாரம் ஓடும். சிலவற்றில் செலினியம் திருத்தி இருக்கும். அது எரிந்தால் வரும் புகை நச்சு. அழகாக இருக்கிறது என்று சுவரில் செருகிப் பார்க்கும் வேலையே கூடாது. சிரிம் முத்திரை உள்ள 12 வோல்ட் நேர்மின் அடாப்டர் ஒன்றை வாங்கி, அதற்குப் பிறகு வரும் வேகக் கட்டுப்பாட்டை நீங்களே செய்யுங்கள். மாறுமின்தடை ஒன்றும், மின்முனை மாற்ற ஒரு சுவிட்சும் இருந்தால் போதும். அடுத்த கட்டமாக மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பிப் பாருங்கள், முன்பு திணறிய எஞ்சின் எறும்பு போல ஊரும். மைக்ரோபிட் இங்கே வரட்டும், நான் அதற்கு எதிரி அல்ல. பழைய மோட்டாரைப் புதிய மூளை ஓட்டினால் இரண்டுமே புரியும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் சுரண்டக்கூடாது. வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

பழைய சாமானை வைத்து விளையாடியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946இல் மாதிரி ரயில் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் இரண்டு வகை மாணவர்கள். ஒரு பகுதியினர் எஞ்சினுக்குச் சாயம் அடிப்பார்கள், மலையும் மரமும் செய்வார்கள். மற்றவர்கள் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களைக் கோத்து, எந்த ரயில் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துவார்கள். 'ஹேக்' என்ற சொல்லை நுட்பமான கைவேலைக்குப் பெயராக வழங்கியவர்கள் அவர்கள். 1950களின் இறுதியில் அந்த வளாகத்துக்குக் கணினி வந்தபோது, இரவில் அதன் முன் போய் உட்கார்ந்தவர்களும் இவர்களே. 1962இல் உருவான ஸ்பேஸ்வார் என்ற கணினி விளையாட்டுக்கு முதல் கைப்பிடிப் பெட்டிகளை அந்த ரயில் கழகத்தில் கிடந்த உதிரிப் பாகங்களைக் கொண்டுதான் செய்தார்கள். மேசைக்கு அடியில் படுத்தவர்கள் வீண் போகவில்லை.

பழம்பொருள் சேகரிப்பவர்கள் என்மேல் கோபப்படலாம். பெட்டி பிரிக்காத எஞ்சினுக்குத்தான் மதிப்பு, மாணவர் கையில் கொடுத்தால் பாழாகும் என்பார்கள். அரிய எஞ்சின் என்றால் அவர்களிடமே இருக்கட்டும். நான் கேட்பது பெட்டி தொலைந்த, கொக்கி உடைந்த, யாரும் சீண்டாத நெல்லிகளை. அவை இன்னும் பத்து ஆண்டு சந்தைத் தரையில் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இப்போது ஊர். இந்தப் பொழுதுபோக்கு இங்கே பிரிட்டிஷ் பொம்மைகளோடு வந்ததால், கூடவே பிரிட்டிஷ் கிராமமும் வந்துவிட்டது. செட்டோடு வரும் அட்டை வீடுகளில் கூரை மேல் பனி. பக்கத்தில் மேயும் கம்பளி ஆடு. முப்பத்திரண்டு பாகை வெயிலில் உட்கார்ந்து பனிக்கூரை ஒட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. புனேயில் ஜோஷி என்பவர் அமைத்த குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்களைக் கவர்கிறது. நம் நாட்டிலும் பெரிய மாதிரிப் பாதைகளைக் கட்டுபவர்கள் உண்டு. ஆனால் உங்கள் தெருவை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அதற்கு வழியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. டிரையாங், ஹார்ன்பி எஞ்சின்களின் அளவு வீதம் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு. நம் கடைவீடுகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதை, காக்கி லீமா, இந்த அளவில் சரியாக 20 மில்லிமீட்டர். பதினெட்டு அடி அகலக் கடைவீடு 7.2 சென்டிமீட்டர். பலகையின் பின்புறம் முழுக்கப் பதினாறு கடைவீடுகளை வரிசையாக நிறுத்தலாம். அட்டை, கத்தரிக்கோல், பசை போதும். காப்பிக்கடை, மளிகைக் கடை, பூமாலைக் கடை என்று பெயர்ப்பலகை எழுதுங்கள். கொம்தாரை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தக் கட்டடம் இந்த அளவில் மூன்று மீட்டருக்கு மேல் உயரம் வரும், வகுப்பறைக் கூரையைப் பெயர்க்க வேண்டியிருக்கும்.

அளவைப் பேசும்போது ஒரு முரணையும் சொல்ல வேண்டும். இந்தப் பழைய செட்டுகளின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 76.2ஆல் பெருக்கினால் 1,257 மில்லிமீட்டர். பிரிட்டனின் உண்மையான பாதை 1,435. நம் மலாயா ரயிலின் மீட்டர் பாதை 1,000. ஆக, இந்தப் பொம்மைப் பாதை அவர்களுக்கும் பொருந்தவில்லை, நமக்கும் பொருந்தவில்லை! சரியாக வேண்டும் என்றால் 13.1 மில்லிமீட்டரில் புதிதாகப் பாதை போட வேண்டும். பழைய எஞ்சின் எதுவும் அதில் ஓடாது. நான் முரணோடு வாழ்வதையே விரும்புவேன். பலகையின் ஓரத்தில் அந்தக் கணக்கை எழுதி ஒட்டிவிடுங்கள். பார்க்க வருபவர்கள் பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் நீங்களே சொல்லிவிட்டது போலிருக்கும்.

எடைக் கணக்கு இதைவிடச் சுவையானது. நீளம் 76இல் ஒரு பங்கானால் கன அளவும் எடையும் 76இன் மூன்றாம் படியில் குறையும். 30 டன் எஞ்சின் 68 கிராமுக்கு வந்துவிடும்! உங்கள் நெல்லியைத் தராசில் வைத்துப் பாருங்கள், அதைவிட நிச்சயம் கனமாக இருக்கும். ஏன் கனமாகச் செய்தார்கள்? சக்கரம் தண்டவாளத்தில் அழுந்தினால்தான் மின்சாரமும் கிடைக்கும், பிடிப்பும் கிடைக்கும். இயற்பியல் விதிகள் பொம்மைக்காகச் சுருங்குவதில்லை.

மூன்று கிளைகளுக்கும் என்ன வேலை கொடுப்பது? என் யோசனை ஒன்று. இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஈய ஆலை இருந்தது. ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் என்ற பெயர் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்திருக்கும். (நம் நாட்டில் வெள்ளீயத்தை ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.) கிந்தா பள்ளத்தாக்கின் தாது பிறை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கடலைத் தாண்டித் தீவுக்கு வரும். தீவில் ரயில் கிடையாது, டிராம் மட்டும்தான். வாட்டர்லூ இல்லாத லண்டன் போல, படகுத்துறை எதிரே மணிக்கூண்டோடு 1907 முதல் நிற்கும் பழைய ரயில்வே கட்டடத்துக்கும் தண்டவாளம் வந்ததில்லை. டிக்கெட்டை அங்கே வாங்கி, படகில் ஏறி, அக்கரையில்தான் ரயில் பிடிப்பார்கள்.

ஒருவேளை ஆலைக்கு ஒரு கிளைப்பாதை வந்திருந்தால்? கற்பனைதான், கற்பனை என்று பலகையில் எழுதிவிட்டு அதையே கட்டலாம். ஒரு கிளையில் தாது இறங்கும், ஒன்றில் நிலக்கரி, ஒன்றில் ஈயக் கட்டிகள் ஏறும். எட்டுப் பெட்டிகளின் வரிசைக்கு இப்போது பொருள் வந்துவிட்டது பாருங்கள். தாதுவும் கரியும் சேர்ந்துதான் உலைக்குப் போக வேண்டும், ஏனென்றால் வெள்ளீய ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவது கார்பன்தான். வேதியியல் வகுப்பில் எழுதும் சமன்பாட்டின் இடப்பக்கம் இரண்டு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி. கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போய்விடும், அதற்குப் பெட்டி வேண்டாம்.

கற்பனைக்குப் பக்கத்தில் உண்மையும் இருக்க வேண்டும். அதனால்தான் டிராமைப் பலகையின் முன் ஓரத்தில் ஒரு நேர்கோட்டுப் பாதையில் தனியாக ஓடவிடச் சொல்கிறேன். பழைய நான்கு சக்கர எஞ்சின் அடித்தளம் ஒன்றின் மேல் அட்டையில் டிராம் உடல் செய்து மாட்டலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், மாதிரியில் நொடிக்கு 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்; பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பதினாறு நொடி. கைக்கடிகாரத்தை வைத்து ஓட்டுங்கள். பொம்மை ரயிலைப் பறக்கவிடுவதுதான் மாதிரியைப் பொம்மையாக்கும் முதல் காரியம்.

ஆனால் டிராமுக்கு என்ன நிறம்? எந்த இடத்தில் நின்றது? நடத்துனர் எப்படிச் சீட்டுக் கிழித்தார்? ரிக் பிரான்சிஸ், கொலின் கான்லி இருவரும் பினாங்கின் டிராம், டிராலி பஸ், ரயில்கள் பற்றி எழுதிய நூல் இருக்கிறது, நூலகத்தில் கேளுங்கள். நூலில் இல்லாதது மனிதர்களிடம் இருக்கிறது. 1936இல் டிராம் நின்றபோது பத்து வயதாக இருந்தவர் இன்று நூறைத் தொட்டிருப்பார்; அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. 1961இல் டிராலி பஸ்ஸில் பள்ளிக்குப் போன பத்து வயதுப் பிள்ளை இப்போது எழுபதுகளின் நடுவில் இருக்கிறார். அவர் உங்கள் பாட்டியாகவோ, கோவிலில் தினமும் பார்க்கும் பெரியவராகவோ இருக்கலாம். ரயிலிலும் துறைமுகத்திலும் நகராட்சியிலும் நம்மவர் கணிசமாக வேலை பார்த்த ஊர் இது. இவர்களின் நினைவை எந்த அருங்காட்சியகமும் தேடி வந்து எழுதிக்கொள்ளப் போவதில்லை.

அருங்காட்சியகம் என்றதும் கொடிமலை ரயில் நினைவுக்கு வருகிறது. 1923இல் ஓடத் தொடங்கிய அந்த மலை ரயிலின் பழைய பெட்டி ஒன்று ஃபார்குவார் தெருவில் அரும்பொருளகத்தின் வெளியே பல ஆண்டு நின்றது. அழகான மரப்பெட்டி. ஆனால் நிற்கும் பெட்டி, கயிறு எப்படி இழுத்தது, மேலே ஏறும் பெட்டிக்குக் கீழே இறங்கும் பெட்டி எப்படி எடைக்கு எடை ஈடு கொடுத்தது, நடுவழியில் இரண்டும் மோதாமல் எப்படி விலகின என்பதைச் சொல்வதில்லை. ஒரு நூலும் கப்பியும் இரண்டு தீப்பெட்டியும் அதைவிட நன்றாகச் சொல்லும். 2025 ஜனவரியில் முத்தியாரா எல்.ஆர்.டி. பாதைக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது; தீவில் மீண்டும் தண்டவாளம் வரப்போகிறது. அதை வரவேற்கும் தலைமுறைக்கு முன்பு ஓடியது எப்படி ஓடியது என்று தெரியாமலிருப்பது எனக்கு உறுத்துகிறது.

பள்ளியில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் எஞ்சின் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் சனிக்கிழமை ஓர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு டத்தோ கிராமாட் சாலைக்குப் போங்கள். நான்கு கடைவீடுகளின் அகலம், கதவின் உயரம், நடைபாதைத் தூணின் கனம் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். கூரை உயரத்துக்கு நிழலை அளந்தால் போதும், மீதி முக்கோணவியல். கடைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு அளங்கள். வயதானவர் என்றால் டிராலி பஸ் பற்றியும் கேளுங்கள், அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எல்லா எண்களையும் அடியாக்கி நான்கால் பெருக்குங்கள். மில்லிமீட்டரில் உங்கள் தெரு கிடைக்கும்.